வணிகர் எழுத்தும் திரிபுக் காட்சியும்

கயிற்றைப் பாம்பென்று காண்பது திரிபு. இப்பியை வெள்ளியென்று காண்பதும் திரிபு. கயிறோ பாம்போ என்று மயங்கி நிற்பது ஐயம். ஐயத்துக்கு மருந்து எளிது. ஒரு விளக்குப் போதும். ஐயுற்றவன் அவ்விளக்கைத் தானே தேடிச் செல்வான். திரிபுடையவனோ விளக்கை வேண்டான். தான் கண்டதே உண்மையென்று துணிந்துவிட்டானாதலின், அவன் தேடுவது தடியை. தடி அகப்படாவிடின் ஓடிவிடுவான். நம் தருக்க நூலார் இவ்விரண்டனையும் வேறு பிரித்து வைத்தமை எத்துணைப் பொருத்தம் என்பதை அண்மையிலே ஒரு சிறு வணிகத்தின் வாயிலாக யான் அறிந்துகொண்டேன்.

சிறு வணிகர் தம் தொழிலைப் பற்றி இணையத்திலே தொடர்ந்து எழுதிவருதல் இன்று உலகெங்கும் உள்ள வழக்கம். இவ்வெழுத்தை வலைப்பதிவு என்கிறோம். வலைப்பூ என்பாரும் உளர். 1997ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே இதற்கொரு பெயர் பிறந்தது. 1999இல், கணினி நுட்பம் அறியாதாரும் எழுதி வெளியிடத்தக்க ‘புளொக்கர்’ என்னும் வசதி வந்தது. 2003ஆம் ஆண்டளவிலே தமிழிலும் வலைப்பதிவுகள் தோன்றிவிட்டன. ஆகவே இது கால் நூற்றாண்டு கண்ட ஒரு பொருள். ஆயினும் இதனைப் பற்றி நம்மவரிடையே நிலவுவன பெரும்பாலும் ஐயங்கள் அல்ல, திரிபுகள். ‘கேட்டுப் பார்ப்போம்’ என்பார் சிலர். ‘எமக்குத் தெரியும்’ என்பார் பலர். அத்திரிபுகளுள் முதலாவதற்கு இருப்பிடமாயிருந்தவன் யானேயாதலின், அதனை முதலிற் கூறுதல் முறையாகும்.

எண்ணூற்றொரு பயன்

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வடமராட்சியிலே பனம்பொருள் வணிகஞ் செய்கிறான். ஒடியல், புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, பனங்கட்டி என்பன அவன் சரக்கு. அவனுடைய தாயாரும் அயலிலுள்ள பெண்கள் சிலரும் கிழங்கைக் கிழித்துக் காயவைத்துக் கொடுக்கின்றனர். கடன்பட்டுத் தொடங்கிய தொழில். உள்ளூரிலே கொள்வார் குறைவு. கடல் கடந்து வாழும் நம்மவரோ இவற்றுக்கு ஏங்குகின்றனர். அவர்களை எட்டுதற்கு வழி தேடியவன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான்.

“ஐயா, கடைக்கு இணையத்திலை ஒரு பக்கம் வைக்கப்போறன். நீங்கள்தான் எழுதித் தரவேணும். எனக்கு எழுத வராது.”

“அது உண்மைதான், தம்பி” என்றேன். அவனுடைய கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திய கையல்லவா!

ஒரு கிழமை இருந்து எழுதினேன். பனையின் பயன்களை 801 என்று தொகுத்துரைக்கும் தாலவிலாசத்திலே தொடங்கினேன். சேரர் சூடிய பனம்பூமாலையைச் சொன்னேன். ஏடாகித் தமிழைக் காத்த ஓலையைச் சொன்னேன். மோனை தவறாமல், எதுகை பிழையாமல் முடித்துக் கொடுத்தேன். அவனும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட்டான். மூன்று மாதஞ் சென்றன. ஒருவரும் ஒன்றும் கேட்டிலர்.

பின்னொருநாள் ரொறன்ரோவிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியிலே அழைத்தார். உறவினர் ஒருவர் வாயிலாக இவனுடைய ஒடியல் மாவைப் பெற்றவர். கூழ் காய்ச்சினாராம், வாயில் வைக்க முடியாத கசப்பாம், மா பழுதோ என்று கேட்டார். மாணவன் திகைத்தான். அருகிலிருந்த தாயார் தொலைபேசியை வாங்கிச் சொன்னார்:

“மா பழுதில்லை, பிள்ளை. ஒடியல் மாவை அப்பிடியே போடப்படாது. தண்ணியிலை கரைச்சு ஊறவிடு. அடியிலை அடைஞ்சாப்போலை மேல்தண்ணியை வார்த்துப்போடு. இரண்டு மூன்று தரம் அப்பிடிச் செய். கசப்புப் போயிடும்.”

தாயார் சொன்னதை அன்றிரவே, அவர் சொன்ன வாக்கிலேயே, மாணவன் எழுதினான். மா அடைந்து தெளிந்து நிற்கும் சட்டியின் படம் ஒன்றையும் சேர்த்தான். ‘ஒடியல் மா கசப்பது ஏன்?’ என்று தலைப்பிட்டான். அதனை மக்கள் படித்தார்கள். படித்தவர் அடுத்த ஐயத்தைக் கேட்டார்கள். புழுக்கொடியலுக்கும் ஒடியலுக்கும் வேறுபாடு யாது? மாரி காலத்திலே பனங்கட்டி இளகுவது ஏன்? ஒவ்வொரு வினாவும் ஒரு பதிவாயிற்று. கேட்டவருட் சிலர் வாங்கினர்.

“ஐயா குறை நினைக்கப்படாது. உங்கடை கட்டுரையைக் கீழை இறக்கிப்போட்டன்” என்று அவன் வந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு என் கட்டுரையை எடுத்து மீண்டும் படித்தேன். 801 பயன் சொன்ன யான், வாங்கிய மாவை எவ்வாறு பயன்படுத்துவது என்ற ஒன்றைச் சொன்னேனில்லை. அதை யான் அறிந்திருந்தாலன்றோ சொல்வது?

‘எழுத்தென்பது புலவர்க்கே உரியது, வணிகனுக்கு எழுத வராது’ என்பது முதலாந் திரிபு. நம் இலக்கிய வரலாற்றைக் கற்ற எனக்கு இத்திரிபு தோன்றியிருத்தல் தகாது. மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் இளம்பொன் வாணிகனார் பொன் விற்றவர். முல்லைப்பாட்டின் ஆசிரியர் நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார். தொழிற்பெயரைப் புலமைப் பெயரோடு சேர்த்து வழங்கியதில் நம் முன்னோர் இழுக்கொன்றுங் கண்டிலர். துலாக்கோலையும் எழுத்தாணியையும் பகையாக்கியவர் பின்வந்த நாமே.

விளம்பரமும் விடையும்

‘வணிகன் எழுதுவது எப்படியும் விளம்பரந்தானே’ என்பது இரண்டாந் திரிபு. விளம்பரம் கூவி அழைப்பது. யான் சொல்லும் எழுத்தோ கேட்டதற்கு விடை கூறுவது. வினாவுக்கு விடை கூறுதல் ஆசிரியத் தொழில். உழுபடைக் கருவிகள் செய்த ஜோன் டியர் நிறுவனத்தார் 1895ஆம் ஆண்டிலே ‘உழுசால்’ எனப் பொருள்படும் பெயரோடு உழவர்க்கென ஓர் இதழ் தொடங்கினர். பயிர்த்தொழிற் செய்திகளைத் தந்த அவ்விதழ் நூறாண்டு கடந்தும் நின்று நிலவுகிறது. கலப்பை வாங்கு என்று மட்டும் கூவியிருப்பின் அது முதலாண்டிலேயே மறைந்திருக்கும்.

இணைய காலத்திலே இதனை மெய்ப்பித்தவர் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து வணிகர் மார்க்கஸ் செரிடன். வீட்டு வளவுகளிலே நீச்சற் குளம் அமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் பங்காளி இவர். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே குளம் வேண்டுவார் அருகினர். தொழில் மூழ்கும் நிலை. விளம்பரத்துக்குப் பணமில்லை. 2009இல் அவர் ஒன்று செய்தார். வாடிக்கையாளர் அதுகாறும் தம்மிடம் கேட்ட வினாக்களையெல்லாம் நினைவு கூர்ந்து, ஒவ்வொன்றற்கும் விடையெழுதி இணையத்திலே வெளியிட்டார்.

அவ்வினாக்களுள் முதன்மையானது, குளம் ஒன்றுக்கு என்ன விலையாகும் என்பது. அத்தொழிலார் எவரும் வெளிப்படையாக விடைகூற விரும்பாத வினா அது. செரிடன், விலை எவ்வெவற்றால் ஏறும், எவ்வெவற்றால் இறங்கும் என்று விளக்கினார். தாம் விற்கும் கண்ணாடியிழைக் குளங்களின் குறைபாடுகள் யாவை என்றும் ஒரு கட்டுரை எழுதினார். தம் பகுதியிலுள்ள சிறந்த குளம் அமைப்போர் யாவர் என்று பட்டியலிட்டு, அதிலே தம் நிறுவனத்தைச் சேர்க்காது விட்டார். இவன் அறிவிழந்தான் என்றே பலரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. குளத்தைப் பற்றி அறிய விரும்பியவர் அனைவரும் அவரிடமே வந்தனர். தன் சரக்கின் குறையைத் தானே சொல்பவன் சொல்லும் நிறையும் உண்மையாய்த்தான் இருக்கும் என்று அவர்கள் கருதினர் போலும். தொழில் பிழைத்தது. அப்பட்டறிவை அவர் 2017இல் ஒரு நூலாகவும் எழுதினார்.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே வணிகத்தை வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பது அவர் கருத்து. நடுவுநிலை என்பது துலாக்கோலுக்கு மட்டும் உரியதன்று. வணிகன் எழுதும் சொல்லுக்கும் உரியது.

தொழில் மறை

‘தொழிலின் நுட்பத்தை வெளியிட்டாற் பிறர் கற்றுக்கொள்வர், நாம் பிழைப்பிழப்போம்’ என்பது மூன்றாந் திரிபு. பொற்கொல்லர் முதல் வைத்தியர் வரை நம்மிடையே வேரூன்றிய அச்சம் இது. நம் மருந்து முறைகள் பல இவ்வச்சத்தால் மறைந்தன. வைத்தியரோடு சுவடியும் சுடலைக்குச் சென்றது.

இலண்டன் மாநகரிலே சவைல் றோ என்பது ஆடவர் உடை தைக்கும் கலைஞருக்குப் பெயர்பெற்ற தெரு. தொழில் மறையைக் காப்பதிலும் பெயர்பெற்றது. அத்தெருவிலே பயின்ற தோமஸ் மகோன் என்னும் தையற்காரர் 2005ஆம் ஆண்டில், நண்பர் ஒருவரின் தூண்டுதலால், வலைப்பதிவு எழுதத் தொடங்கினார். மேற்சட்டையின் உள்ளே வைக்கும் துணியைக் கையால் எவ்வாறு தைப்பது, ஒருவர்க்கென்றே வெட்டித் தைத்த உடைக்கும் ஆயத்த உடைக்கும் வேறுபாடு யாது, அவ்வளவு விலை ஏன் என்பனவற்றை ஒளிவு மறைவின்றி எழுதினார். படித்தவர் எவரும் வீட்டிலே கத்தரிக்கோலை எடுத்து வெட்டத் தொடங்கினாரல்லர். இத்துணை நுட்பம் வாய்ந்த தொழிலை நாமே செய்தல் அரிது என்று உணர்ந்து, அவரை நாடினர். கடல் கடந்தும் அவருக்கு வாடிக்கையாளர் உண்டாயினர்.

ஒடியல் மாவின் கசப்பை நீக்கும் முறையைக் கற்ற அம்மையார் ரொறன்ரோவிலே பனை நடப் போவதில்லை. மேலும் மேலும் மா வாங்கவே போகிறார். சொல்லுதலால் அறிவு குறைவதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் வணிகனுக்கு அதனை எடுத்துச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அடுக்குத்தொடரும் பொய்ப்பெயரும்

இணையத்திலே ஒரு பொருளைத் தேடுவார் கூகிள் போன்ற தேடுபொறிகளின் வாயிலாகவே வருகின்றனர். ஆகவே அப்பொறியை ஏமாற்றிவிட்டாற் போதும் என்பது நான்காந் திரிபு. ‘நல்ல பனங்கட்டி, யாழ்ப்பாணப் பனங்கட்டி, மலிவான பனங்கட்டி’ என்று ஒரு சொல்லையே இருபது முறை அடுக்குவர். இலக்கணத்திலே அடுக்குத்தொடருக்கு எல்லை உண்டு. அசைநிலைக்கு இரண்டு, பொருள்நிலைக்கு மூன்று, இசைநிறைக்கு நான்கு. இவர்களுக்கு எல்லையில்லை. ஒரு காலத்திலே இச்சூழ்ச்சி ஓரளவு பலித்ததும் உண்மையே. 2011 பெப்ரவரியிலே கூகிள் தன் முறையை மாற்றிற்று. சாரமற்ற எழுத்துக்களைக் குவித்து வைத்த தளங்கள் பல கீழே தள்ளப்பட்டன. அதன் பின்னும் அம்மாற்றங்கள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன.

2022 நவம்பரிலே வெளிவந்த சற்ஜிபிரி முதலான செயற்கை அறிவுக் கருவிகள் வந்தபின் இத்திரிபு வேறு வடிவங் கொண்டுள்ளது. ‘இயந்திரமே எழுதித் தருமே, நாம் ஏன் வருந்தல் வேண்டும்?’ என்கின்றனர். இயந்திரம் எழுதும், பனையின் பயன்களை 801க்கு மேலும் எழுதும். யான் எழுதிய கட்டுரையினும் நன்றாகவே எழுதக்கூடும். ஆயின் அந்தத் தாயாரின் சட்டியிலே நேற்று அடைந்த மாவை அது கண்டதில்லை. இவ்வாண்டு மழை பிந்தியதால் கிழங்கு எவ்வாறிருந்தது என்பதை அது அறியாது. வணிகன் தான் கண்டதை விடுத்துப் பிறர் முன்னரே சொன்னதை அடுக்கினால், அவன் எழுதியதை ஒருவர் படிப்பதற்குக் காரணம் யாதுமில்லை.

வேறொருவர் பெயரிலே எழுதிப் புகழ்தல் இதனினுந் தீயது. 2006ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், ஊர்தியிலே நாடு சுற்றும் இருவர் வழியெங்கும் வால்மார்ட் கடைகளின் சிறப்பைக் கண்டு எழுதுவதாக ஒரு வலைப்பதிவு வந்தது. அப்பயணத்தின் பின்னே அந்நிறுவனத்தின் பணம் இருந்தமை அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிப்பட்டது. அதனை நடத்திய எடெல்மன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம் பொதுமன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பொருளோ பணமோ பெற்று ஒன்றைப் புகழ்ந்தெழுதுவோர் அதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்று 2009இல் அமெரிக்க வணிக ஆணைக்குழு நெறிமுறை வகுத்தது. பெருநிறுவனம் அந்த இழுக்கைத் தாங்கிக்கொள்ளும். ஊரிலே ஒற்றைக் கடை வைத்திருப்பவனுக்குப் பெயர் ஒன்றே முதல். அதனை இழந்தால் மீட்பது அரிது.

வாடகை நிலம்

‘முகநூலிலே பக்கம் இருக்கிறது, வேறிடம் எதற்கு?’ என்பது ஐந்தாந் திரிபு. முகநூலிலே பலர் காண்பர் என்பது மெய். ஆயின் அது பிறர் நிலம். அங்கே இன்றிட்ட செய்தி நாளை கீழே போய்விடும். அடுத்த மாதம் தேடி எடுப்பது அரிது. நிலக்காரர் விரும்பினால் வேலியை நகர்த்துவார்; நிலத்தையே மூடினும் கேட்பாரில்லை. எண்ணிறந்தோர் பக்கம் அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கெல்லாம் எழுதியவர் எழுத்துக்களுட் பல அழிந்தொழிந்தன. அதனால், தனக்கென ஒரு முகவரி வாங்கி அங்கே எழுதி, அங்கிருந்து முகநூலுக்கும் பிற இடங்களுக்கும் செய்தி அனுப்புதலே அறிவுடைமை. வீடு சொந்தமாயிருக்கட்டும்; சந்தைக்குப் போய் வரலாம்.

இதனோடு சேர்ந்தது, ஆங்கிலத்தில் எழுதினாலன்றிப் பயனில்லை என்னும் எண்ணம். வாங்குவோர் ஆங்கிலரெனின் ஆங்கிலத்தில் எழுதுவது முறை. வாங்குவோர் கூழ் காய்ச்சும் நம் பெண்களாயின், ‘அடையவிட்டு வார்த்தல்’ என்பதை எந்த ஆங்கிலத்திலே சொல்வது? இணைய முகவரியின் ஈற்றிலே ‘.இலங்கை’ என்று தமிழில் எழுதும் உரிமையே 2010ஆம் ஆண்டு நமக்குக் கிடைத்துவிட்டது. பயன்படுத்துவார் குறைவு என்பது மொழியின் குற்றமன்று.

விதைத்தவன் காத்திருத்தல்

‘எழுதியவுடன் விற்பனை பெருகும்’ என்பார் ஒருசாரார். ‘நாள்தோறும் எழுதவேண்டும், நமக்கு நேரமேது?’ என்பார் மற்றொருசாரார். இரண்டும் திரிபே. பனங்கொட்டையைப் பாத்தியில் இட்டவன் மறுநாளே கிழங்கு கிண்டுவதில்லை. நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதுமில்லை. என் மாணவன் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பதிவே எழுதுகிறான். எழுதியவற்றைப் புதுக்கிக்கொள்ளுகிறான். ஓராண்டின் பின்னரே பயன் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் செல்வனாகிவிட்டான் என்று சொல்லேன். கடன் இன்னும் இருக்கிறது. கடன் கட்டும் நாளிலே தாயாரின் காப்பு அடகுக்குப் போவது நின்றிருக்கிறது. அவ்வளவே.

இறுதியாக, ‘எல்லா வணிகரும் எழுதியே தீரவேண்டும்’ என்பதும் ஒரு திரிபு என்க. முச்சந்தியிலே கடை வைத்து, வருவோர் அனைவரையும் பெயர்சொல்லி அழைக்கும் கடைக்காரருக்கு இது வேண்டாம். அவர் முகமே அவருக்கு வலைப்பதிவு. வாங்குவோர் தொலைவில் உள்ளவிடத்தும், பொருள் ஐயத்துக்கிடமானவிடத்தும், விலை ஆராய்ந்து கொள்ளத்தக்கவிடத்துமே எழுத்து பயன்தரும்.

இவற்றையெல்லாம் உணர்ந்தபின் என் வகுப்பிலே ஒரு மாற்றஞ் செய்தேன். ஆண்டுதோறும் ‘பனையின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதுவிப்பது என் வழக்கம். இவ்வாண்டு, ‘உங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றிப் பிறர் கேட்கும் ஒரு வினாவும் அதற்கு விடையும்’ என்று தலைப்புக் கொடுத்தேன். மட்பாண்டம் வனையும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, ‘புதுச்சட்டியை வாங்கியவுடன் உலையேற்றலாமா?’ என்று எழுதியிருந்தாள். ஏற்றலாகாது, தண்ணீரிலே நன்றாக ஊறவிட்டு எடுத்து, அரிசி கழுவிய நீரை ஊற்றி மெல்லிய தீயிலே கொதிக்கவைத்து இறக்கி, அதன் பின்னரே கறி சமைத்தல் வேண்டும், அங்ஙனஞ் செய்யாது வெடிக்கவிட்டுவிட்டு எங்கள் அப்பாவைக் குறைசொல்கிறார்கள் என்று முடித்திருந்தாள்.

என் வீட்டிலே வெடித்த சட்டிகள் நினைவுக்கு வந்தன. சந்திப் பிழை மூன்று இருந்தன, திருத்தினேன். பொருளிலே திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.